கதிரையை விட்டு எழும்பிய போதகர்

ஞானசுந்தரம் போதகருக்கு இருப்புக் கொள்ளாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவரை அறிந்த எவரும் முதலில் சொல்வது இதைத்தான். கலியாண வீட்டில் பந்தியில் இருத்திவிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போய் யாருக்காவது பரிமாறிக்கொண்டு நிற்பார். டாக்டரிடம் போனால் வெளியே வாசலில் நடந்துகொண்டிருப்பார். பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்காது. பிரசங்கம்கூட ஓரிடத்தில் நின்று செய்யமாட்டார். அங்கும் இங்கும் நடந்தபடி பேசுவார், கேட்கிறவர்களுக்குக் கழுத்து நோகும்.

நான் சைவக்காரன், பெயர் பரராசசிங்கம். கோயிலுக்கே ஒழுங்காகப் போகாதவன் ஞாயிறு பின்னேரம் தவறாமல் அவருடைய சபைக்குப் போவேன். ஆராதனை முடிந்தபிறகு தருகிற சோறும் மாட்டிறைச்சிக் கறியும் ஒரு காரணம். மற்றக் காரணம், அவரும் நானும் வருடக்கணக்காக ஒரே அறையில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டிலில் படுத்தவர்கள். நான் கீழே, அவர் மேலே. அவர் புரளுகிற புரட்டில் எனக்கு நித்திரை இல்லை. அந்தக் கணக்கில் அவருடைய வாழ்க்கையைச் சொல்ல எனக்குத்தான் கூட உரிமை.

எண்பதுகளின் நடுவில் எங்களைப்போல நிறையப் பேர் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, ரயிலேறி மேற்கே வந்து அகதி என்று பதிந்தோம். எங்கள் இருவரையும் இந்தச் சிறு நகரத்துக்கு அனுப்பினார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய சப்பாத்துத் தொழிற்சாலை இருந்தது. அதை அறை அறையாகத் தடுத்து அகதிகளை வைத்திருந்தார்கள். ஹைம் என்று சொல்வோம். ஞானம் ஊரில், சாவகச்சேரியில், ஒரு சின்னத் தேவாலயத்தில் உபதேசியாராக இருந்தவர். வந்த மறுகிழமையே ஹைமின் உடுப்புத் தோய்க்கிற அறையில் ஜெபக்கூட்டம் தொடங்கிவிட்டார். மெஷின் சுற்றுகிற சத்தத்தில் பாட்டு எடுபடாது. அதற்காக இன்னும் உரத்துப் பாடுவார்.

அந்தக் காலத்துச் சட்டப்படி நாங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டுவதென்றால் அரசாங்கக் கந்தோரில் அனுமதி எடுக்கவேண்டும், அனுமதி கிடைக்காது. அடுத்த மாவட்டத்தில் எங்கள் பெடியன் ஒருவன் விபத்தில் செத்துப்போனபோது அடக்க ஆராதனை செய்ய ஞானத்தைக் கூப்பிட்டார்கள். அனுமதி கேட்டார், மறுத்தார்கள். மறுத்தது காதில் விழாதவர்போலப் போனார். ரயிலில் பிடித்தார்கள். தண்டம் கட்டியதோடு அடுத்தமுறை பிடித்தால் வழக்கு என்ற எச்சரிக்கையும் சேர்ந்தது. பிரேதம் அவர் இல்லாமலே போயிற்று.

அதற்குப் பிறகு பின்னேரமானால் எல்லைவரைக்கும் நடப்பார். கடுகு வயலைத் தாண்டினால் அடுத்த மாவட்டத்தின் பெயர் எழுதிய மஞ்சள் பலகை வரும். அதைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்புவார். ஒருநாள் நானும் கூடப் போனேன், கால் கொப்பளித்ததுதான் மிச்சம். தொட்டு என்ன கண்டீர் என்று கேட்டேன். அது அங்கேயே நிற்கிறதா என்று பார்த்தாராம்.

ஹைமில் இன்னொரு வழக்கம் இருந்தது. கந்தோர்க்காரர் திடீர் திடீரென்று ஆள் சரிபார்க்க வருவார்கள். கதவைத் தட்டி, தயவுசெய்து வெளியே வரமுடியுமா என்று கேட்பார்கள். நாங்கள் எழும்பிப் போய் வரிசையாகத் தாழ்வாரத்தில் நிற்கவேண்டும். பெயர் கூப்பிட்டால்தான் திரும்ப உள்ளே போகலாம். அவர்கள் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் எங்களில் ஒருத்தனாவது ஏறுக்குமாறாகக் கதைத்திருப்பான். மரியாதையாகக் கேட்டபடியால் மரியாதையாக எழும்பினோம். மேல்கட்டிலிலிருந்து முதலில் குதிப்பவர் ஞானம்தான்.

தொண்ணூறுகளில் எங்கள் இருவருக்கும் அகதி அந்தஸ்துக் கிடைத்தது. நான் பாண் சுடுகிற தொழிற்சாலையில் சேர்ந்தேன். இங்குள்ள ஜெர்மன் திருச்சபை அவரை முறைப்படி போதகராக ஏற்று, ஞாயிறு பின்னேரங்களில் தங்கள் மண்டபத்தைத் தந்தது. பாசையூர்க் கத்தோலிக்கப் பெண்ணான பேர்பெச்சுவாவைக் கட்டினார். அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், புருஷன் புரட்டஸ்தாந்துப் போதகர் என்பதற்காகச் செபமாலையைக் கைவிடாதவர். போதகர் நடைபயில, அம்மா செபமாலை உருட்ட, அந்த வீட்டில் அமைதியாக இருந்தது தளபாடம் மட்டும்தான்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவருக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைத்தது. மறுநாள் காலை ரயிலேறி லைப்சிக் போனார். ஹைமில் இருந்த காலத்தில் அங்கே ஒரு போதகர் மாநாட்டுக்கு அழைப்பு வந்து, போக அனுமதி கிடைக்காமல் போனது. இப்போது அங்கே மாநாடும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை. நிலையத்தில் தேத்தண்ணி குடித்து, ஒரு தேவாலயத்தைச் சுற்றி நடந்து, இருட்டமுன் திரும்பி வந்தார். பிறகு டிரெஸ்டன், கார்ல்ஸ்ரூஹே என்று எங்கே நாலு தமிழர் இருந்தாலும் ஜெபக்கூட்டம் வைக்கப் போய்விடுவார். வீட்டில் சாப்பாடு மூடியபடி ஆறும். கட்டி வைத்த மாட்டை அவிழ்த்துவிட்டால் முதலில் ஓடத்தான் செய்யும் என்று பேர்பெச்சுவா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் சிரிப்பு அவ்வளவாக இல்லை.

எல்லிஸ் எங்களிடம் வந்து சேர்ந்தது சபையின் பழைய வானால். வான் ஒருநாள் அவருடைய வீட்டு வாசலில் நின்றுவிட்டது. எல்லிஸ் அமெரிக்கக் கறுப்பர். ஜெர்மனியின் தெற்கே அமெரிக்க இராணுவ முகாமில் வாகனம் திருத்தியவர், இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி ஓய்வுக்குப் பிறகு இங்கேயே தங்கிவிட்டவர். மனைவி காலமாகிவிட்டார். வானைத் திருத்தித் தந்தார். நன்றிக்குச் சோறு கொடுத்தோம். அடுத்த ஞாயிறும் வந்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் பாட்டு வரும்போது எல்லாரையும்விட உரத்து ஏதோ பாடுவார். உறைப்புக் காணாது என்று எங்களிடமே முறைப்பாடு வைத்த ஒரே வெளியாள் அவர்தான்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு நகரசபைத் தேர்தல் வந்தது. ஒரு கட்சி போதகரைக் கேட்டது. பல நாட்டவர் இருக்கிற கட்சி என்று காட்ட ஒரு கறுத்த முகம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள வட்டாரத்தைக் கொடுத்தார்கள். அந்தக் கட்சி அங்கே வென்றதே இல்லை. படம் எடுத்து ஒட்டிவிட்டுச் சும்மா இரும் என்றார்கள். சும்மா இருக்கத் தெரிந்த ஆளா? வட்டாரத்தில் அவர் தட்டாத கதவில்லை. போர்த்துக்கல்காரர், குடியுரிமை எடுத்த துருக்கியர், ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியர், தனியே இருக்கிற கிழவிகள் என்று எல்லாரிடமும் போனார். ஒரு கிழவியின் வீட்டில் மின்குமிழ் மாற்றிக் கொடுத்ததற்கு அவளுடைய மாடி முழுக்க வாக்குப் போட்டது. வென்றுவிட்டார். நகரசபை மேசையில் அவருடைய பெயர்ப் பலகை மற்றவர்களுடையதைவிட நீளமாக இருந்தது. நாங்கள் பார்வையாளருக்கான நீள வாங்கில் இருந்தபடி அந்தப் பலகையைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தோம். எனக்கு அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த வருடம் அந்தப் பிரேரணை வந்தது. பழைய சப்பாத்துத் தொழிற்சாலை, நாங்கள் கிடந்த அதே ஹைம், இன்னும் ஹைமாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் பெரிய கடைத்தொகுதி கட்ட ஆள் வந்துவிட்டது. ஆகவே அகதிகளைக் காட்டோரத்தில் பெல்ஜிய இராணுவம் விட்டுப்போன பாசறைக்கு மாற்றவேண்டும். அங்கே கடை இல்லை, பஸ் இல்லை, நடைபாதைகூட இல்லை.

ஹைமில் அப்போது புஸ்பவதி என்ற முல்லைத்தீவுப் பெண் மகளோடு இருந்தாள். நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிற கடுதாசி ஒன்றுதான் அவளுக்கு. வேலை செய்ய அனுமதி இல்லை. மகள் தேனுஜா கெட்டிக்காரி. அந்த ஹைமிலிருந்து கிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளிக்கு எடுபட்ட முதல் பிள்ளை. பாசறைக்குப் போனால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வருவது? புஸ்பவதி போதகரிடம் வந்து கேட்டது அது ஒன்றைத்தான். நான் நகரசபையில் இருக்கும்வரை உங்களை மாற்ற விடமாட்டேன் என்று அவர் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. போதகரின் கையோடு இரண்டு பக்கமும் சரிபாதி. சரிபாதி என்றால் பிரேரணை விழும்.

பிரேரணையை ஆதரித்த எதிர்க்கட்சியின் தலைவர் ஒரு பல் வைத்தியர். மென்மையான குரல், வலிக்காது என்று சொல்லியே பிடுங்குகிற ஆள். வாக்கெடுப்புக்கு முன் எழும்பி, ஒரு சிறு ஐயம் என்றார். தமக்கு நெருங்கிய விடயம் என்றால் உறுப்பினர் மேசையை விட்டு எழும்பிப் பார்வையாளர் பக்கம் போய்விடவேண்டும், வாக்களிக்கக்கூடாது என்று நகரசபைச் சட்டத்தில் இருக்கிறது. திரு ஞானசுந்தரம் அந்த ஹைமில் பல வருடம் வாழ்ந்தவர், அங்குள்ளவர்கள் சிலர் அவருடைய சபையார். அவர் தம்மைப் பக்கச்சார்பு இல்லாதவர் என்று கருதுகிறாரா என்று தயவுசெய்து கேட்கலாமா?

கேட்டு வாய் மூடவில்லை, போதகர் எழும்பிவிட்டார். மேயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போதகர் கதிரையை மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளிவிட்டு, எங்கள் வாங்கை நோக்கி நடந்து வந்து என் பக்கத்தில் இருந்தார். எனக்கு ஹைமின் தாழ்வாரம் ஞாபகம் வந்தது. பெயர் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவரைப்போலவே இருந்தார். யாரும் கூப்பிடவில்லை. கைகள் உயர்ந்தன. ஒரு கையால் பிரேரணை வென்றது.

புஸ்பவதி எங்களுக்குப் பின்வரிசையில் இருந்தாள். தேனுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் அவருடைய கட்சியின் வழக்கறிஞர் வந்து தலையில் கை வைத்தார். ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்தது பக்கச்சார்பு ஆகாதாம். அப்படிச் சந்தேகம் இருந்தாலும் தீர்மானிக்கவேண்டியது நகரசபை, அவரல்ல. அவர்கள் வாக்கெடுத்து வெளியேற்றியிருந்தால் நீதிமன்றம் போய் முடிவை விழுத்தியிருக்கலாம். தானாக எழும்பிப் போனவருக்கு எந்த நீதிமன்றமும் கதவு திறக்காது. பல் வைத்தியர் ஒரு கேள்வி மட்டும்தான் கேட்டார், அது குற்றமில்லை.

"சிங்கம், அவர் கேட்டவுடன கால் தானா எழும்பிட்டுது. நான் யோசிக்கவே இல்லை," என்று போதகர் என்னிடம் சொன்னார்.

பேர்பெச்சுவா குசினியிலிருந்து வந்தார். எனக்கு முன்னால் புருஷனைக் கண்டிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"பயத்தில எழும்பியிருந்தாக்கூட நான் பொறுப்பன். நீங்கள் பழக்கத்தில எழும்பினனீங்கள். அதுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு."

கோடை விடுமுறையில் ஹைமைக் காலிசெய்து பாசறைக்கு ஏற்றினார்கள். பள்ளிக்கூடம் தொடங்கியதும் போதகர் விடிய எழும்பிச் சபை வானை எடுத்துக்கொண்டு தேனுஜாவையும் மற்றப் பிள்ளைகளையும் ஏற்றப் போவார். மத்தியானம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். அதற்கிடையில் ஒரு செத்தவீடு, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு நகரசபைக் கூட்டம். மனிதர் பாதியாகிவிட்டார். வான் அவரைவிட மோசம். நின்றுபோன நாட்களில் பிள்ளைகள் நெடுஞ்சாலை ஓரமாக, மழையில், லொறிகள் தண்ணீர் அடித்துக்கொண்டு போக நடந்து வந்தார்கள். முதல் பாடம் தவறிப்போகும். இப்படியே போனால் தேனுஜாவை வேறு பள்ளிக்கு மாற்றவேண்டிவரும் என்று வகுப்பாசிரியை தாயைக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த ஓட்டமெல்லாம் எதற்கு என்று எனக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஒரு பின்னேரத்தை நினைக்கத் தேவையில்லை.

ஐப்பசியில் வான் முற்றாகப் படுத்துவிட்டது. எல்லிஸ் அதன் கீழே படுத்திருந்தார், போதகர் சுற்றிச் சுற்றி நடந்தார், நான் திருகுசாவிகளை எடுத்துக் கொடுத்தேன். எல்லிஸ் கீழே கிடந்தபடியே தன் பூட்டனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவருடைய ஜெர்மன் எங்களுடையதைப் போலவே நொண்டும், அதனால் எங்களுக்கு நன்றாக விளங்கும்.

பூட்டன் பருத்தித் தோட்டமொன்றில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலை வந்தபிறகு போதகரானார். வாக்குரிமை வந்ததும் அந்த வட்டாரத்துக் கறுப்பர்கள் அவரையே மாநிலச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். ஞாயிறு பிரசங்கம், திங்கள் சட்டசபை. அங்கிருந்த வெள்ளையர்களுக்கு அது பொறுக்கவில்லை. வாக்களிக்கத்தான் கறுப்பருக்கு உரிமை, பதவியில் இருக்க இல்லை என்று தீர்மானம் போட்டுக் கறுப்பு உறுப்பினர்களை வெளியேறச் சொன்னார்கள். பூட்டன் எழும்பவில்லை. பெயர் சொல்லிக் கேட்டார்கள், எழும்பவில்லை. கடைசியில் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய் வெளிப்படியில் வைத்தார்கள். அங்கேயும் அந்தக் கதிரையிலேயே இருந்தாராம். பிறகு ஒரு காலத்தில் மேலிடத்துக் கட்டளையால் திரும்ப உள்ளே எடுக்கவேண்டி வந்ததாம். இது எங்கள் வீட்டுக் கதை, எவ்வளவு உண்மை எவ்வளவு உப்பு என்று எனக்குத் தெரியாது என்றும் எல்லிஸ் சொன்னார்.

பிறகு வானுக்குக் கீழேயிருந்து வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"என்ரை பூட்டனைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது, போதகர். உம்மை எழுப்ப ஒரு கேள்வி போதும்."

போதகர் நடப்பதை நிறுத்தினார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. போய் வானின் படியில் இருந்தார். வெகுநேரம் எழும்பவில்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை, எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

கார்த்திகைக் கூட்டத்துக்கு அவர் ஒரு பிரேரணை கொண்டுபோனார். காலையும் மத்தியானமும் பாசறை வாசலிலிருந்து நகரத்துக்கு பஸ் விடவேண்டும். இந்த முறை சரிபாதி போதாது, ஒரு கை அதிகமாக வேண்டும். எதிர்க்கட்சியில் ஒரு பெண் உறுப்பினர் அந்த வீதியால் தினமும் கார் ஓட்டிப் போகிறவர். மழையில் நடக்கிற பிள்ளையைத் தான் கண்டதாகவும், பஸ்ஸுக்கு ஆதரவாகக் கை உயர்த்த ஏலாது, ஆனால் எதிராகவும் உயர்த்தமாட்டேன் என்றும் அவர் சொல்லியிருந்தார். ஆகவே திரும்பவும் எல்லாம் போதகரின் கையில் வந்து நின்றது.

அன்று பார்வையாளர் வாங்கில் நான், எல்லிஸ், பேர்பெச்சுவா, புஸ்பவதி. பேர்பெச்சுவாவின் கை சட்டைப்பைக்குள் இருந்தது, செபமாலை ஓடுகிறது என்று விளங்கியது. பல் வைத்தியர் எழும்பினார். அதே மென்மை. சென்ற முறை திரு ஞானசுந்தரம் மிக முன்மாதிரியாக நடந்துகொண்டார், இப்போதும் அப்படியே நடப்பார் என்று நாங்கள் எதிர்பார்க்கலாமா என்று கேட்டார்.

எங்கள் இடத்திலிருந்து மேசைக்குக் கீழே போதகரின் கால்கள் தெரிந்தன. இரண்டு முழங்காலும் தையல் மெஷின்போல அடித்துக்கொண்டிருந்தன. குதிக்கால் ஒருமுறை நிலத்தை விட்டு எழும்பியது. எழும்பப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் இரண்டு கையாலும் கதிரையின் அடியைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார்.

"எதிர்பார்க்க வேண்டாம்," என்று ஜெர்மன் மொழியில் சொன்னார். "நான் எழும்பப் போவதில்லை. என்னை வெளியேற்றவேண்டும் என்றால் சபை வாக்கெடுக்கட்டும்."

மேயர் அப்படி யாராவது கோருகிறீர்களா என்று கேட்டார். ஒருவரும் கோரவில்லை. பல் வைத்தியர் சட்டம் தெரிந்தவர். ஒரு கேள்வி மட்டுமே கேட்டதாகச் சொல்லி இருந்துவிட்டார். வாக்கெடுப்பு நடந்தது. போதகர் வலது கையை உயர்த்தினார், இடது கை கதிரையை விடவில்லை. ஒரு கையால் பஸ் வென்றது. எல்லிஸ் கைதட்டத் தொடங்கி, இங்கே கைதட்டக்கூடாது என்று காவலாளி வந்து சொல்லும்வரை நிறுத்தவில்லை.

புதுவருடம் பிறந்து பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று முதலாவது பஸ் வந்தது. பனி கொட்டியிருந்தது. எனக்கு வேலை இல்லாத நாள், போதகரோடு பாசறை வாசலுக்குப் போயிருந்தேன். புஸ்பவதி தேனுஜாவோடு வந்து ஏறினாள். போதகர் உள்ளே வந்தும் இருக்கவில்லை. இருக்கை எல்லாம் வெறுமையாகக் கிடக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தபடி நின்றார். அந்தப் பெண் நன்றி சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவரும் எதிர்பார்த்திருப்பார், மனிதர்தானே. பஸ் வெளிக்கிட்ட பிறகுதான் அவள் பேசினாள்.

"நீங்கள் அண்டைக்கு எழும்பாம இருந்திருந்தா எங்களுக்கு இந்த பஸ்ஸே தேவைப்பட்டிராது, ஐயா."

"ஓம்," என்றார் போதகர்.

புஸ்பவதி தன் பக்கத்து இருக்கையில் வைத்திருந்த மகளின் பையை எடுத்து மடியில் வைத்தாள்.

"இருங்கோ."

இருந்தார். தேனுஜா முன்னால் கொப்பியை முழங்காலில் வைத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். இடையில் இரண்டு கிழவிகள் ஏறினார்கள், அவர் வட்டாரத்துக்காரர்கள், கை காட்டினார்கள். வழக்கமென்றால் எழும்பிப்போய்க் கதைத்திருப்பார். இருந்த இடத்திலிருந்தே கை காட்டினார். பள்ளிக்கூடத் தரிப்பு வரும்வரை அவர் எழும்பவே இல்லை. முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.